பண்டாரியின் பயோடேட்டா

என் கோப்பில் ஒரு பக்கத் தாளின் நகல் இருக்கிறது. மூலம் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தது. அதன் நடுப்பகுதி தமிழில் இப்படி வரும்: "பதவி, தலைமைச் சமையல்காரர். சேர்ந்தது ஆகஸ்ட் 12. விலகியது மறு ஆண்டு ஜூன் 29. மீண்டும் சேர்ந்தது ஜூலை 31. விலகியது அடுத்த ஆண்டு ஜூன் 18." இப்படிப் பதிமூன்று வரிகள். எல்லாமே ஒரே ஹோட்டல். கடைசி வரியில் விலகிய தேதி இல்லை. "இன்று வரை" என்று இருக்கிறது. தாளின் அடியில் பென்சிலால் என் கையெழுத்து: "தயாரித்தது சென்ற ஆண்டு ஜூன் 15, ஞாயிறு, காலை 11.20. சரிபார்க்கப்பட்டது."

சரிபார்த்தது உண்மைதான். பழைய தினக் காலண்டர் தாள்களை நான் தூக்கிப் போடுவதில்லை. ரமலான் எந்த ஆண்டில் எந்த நாளில் தொடங்கியது என்பதை அவற்றில் பார்த்துத்தான் எழுதினேன். ஆண்டுக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்து, ஜூன் கடைசியில் இருந்த விலகல் தேதி பன்னிரண்டு ஆண்டுகளில் மார்ச் முதல் தேதிக்கு வந்திருந்தது. படிக்கட்டு போல இறங்கிய அந்தப் பட்டியல் பார்க்க அழகாகவே இருந்தது. அந்த அழகுதான் ஒருவருடைய வேலையைக் கெடுத்தது.

அவர் தாராவியில் ஒரு பிரியாணி ஹோட்டலின் பண்டாரி. தேக்சா எனப்படும் பெரிய பாத்திரங்களில் சமைக்கிறவர்களை இந்த ஊரில் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். ஊர் திருநெல்வேலிக்குத் தெற்கே. வயது நாற்பத்தெட்டு, ஆதாரில் நாற்பத்தாறு. நான் மாட்டுங்காவில் இருக்கிறேன். ஓர் அரசு அலுவலகத்தின் பணிப்பதிவேட்டுப் பிரிவில் முப்பத்தொரு ஆண்டு இருந்து ஓய்வு பெற்றேன். ஞாயிறு காலைகளில் தாராவியின் ஓரத்தில் ஒரு தமிழ் வாசகசாலைக்குப் போவேன். நாளிதழ் படிக்கத்தான் போக ஆரம்பித்தேன். படிவம் நிரப்பத் தெரிந்தவள் என்று தெரிந்த பிறகு நாளிதழைப் பிரிக்கவே பன்னிரண்டு மணி ஆகிவிடுகிறது. அவருடைய மகள் செம்பூரில் ஒரு கல்லூரியில் பி.காம். இரண்டாம் ஆண்டு. அவள்தான் தகப்பனாரை அழைத்து வந்தாள். ஆங்கிலமும் இந்தியும் நன்றாக வரும்; தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள்.

அவர் வேலை மாற வேண்டியிருந்தது. ஹோட்டலில் விறகடுப்பு. இருமல் விடாமல் இருந்ததால் சயானில் ஒரு மருத்துவரிடம் காட்டியிருந்தார். காசநோய் இல்லை, புகைதான் என்று தெரிந்தது. ஒரு குழாயில் ஊதச் சொல்லி நுரையீரலை அளந்து பார்த்துவிட்டு, விறகுப் புகையில் இனி நிற்கக் கூடாது, நின்றால் இரண்டு வருடத்தில் மாடிப்படி ஏற முடியாது என்று மருத்துவர் சொன்னதாக மகள் சொன்னாள். சீட்டையும் காட்டினாள். மே 20, செவ்வாய் என்று தேதி இருந்தது. விறகில்லாத சமையலறை வேண்டும். பிரியாணிக்குப் பேர் வாங்கிய ஹோட்டல்களில் அது கிடைக்காது. விறகுதான் அவர்களுடைய விளம்பரம். ஐரோலியில் கம்பெனிகளின் கேன்டீன்களை நடத்தும் ஓர் ஒப்பந்ததாரர் தென்னிந்தியச் சமையலுக்கு ஆள் தேடுவதாக மகளின் போனுக்கு ஒரு செய்தி வந்திருந்தது. அங்கே கேஸும் நீராவியும். ஆனால் பயோடேட்டா கேட்டார்கள்.

பயோடேட்டா அவர் வாழ்க்கையில் அதுவரை வந்ததில்லை. சமையல்காரர்களுக்கு வேலை கிடைக்கும் விதம் வேறு. பகல் கூட்டம் முடிந்து, ராத்திரிக் கூட்டம் தொடங்குவதற்கு முன்னால், நாலு மணிவாக்கில் தொண்ணூறு அடி ரோட்டுப் பக்கம் ஒரு டீக்கடை பெஞ்சில் மாஸ்டர்கள் கூடுகிறார்கள். செம்பூருக்கு ஒரு பரோட்டா மாஸ்டர், தங்க இடம் உண்டு என்று யாருக்காவது போன் வரும். எந்த ஊர், யாரிடம் தொழில் பழகினாய், தண்ணி உண்டா என்ற மூன்று கேள்விகள் கேட்பார்கள். மறுநாள் கை பார்ப்பார்கள். பரோட்டாக்காரர் மாவடித்துக் காட்ட வேண்டும். பண்டாரி ஒரு தேக்சா இறக்கிக் காட்ட வேண்டும். சரியென்றால் அன்று மாலையே துண்டையும் பையையும் எடுத்துக்கொண்டு போய்விடலாம். வயதைக் கேட்கிறவர் இல்லை. எத்தனை வருடம் என்பதையும் யாரும் தேதி போட்டுக் கேட்பதில்லை.

நான் தேதி போட்டுக் கேட்டேன்.

ஹோட்டலில் சேர்ந்தது எப்போது என்றதும், பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் நோன்புப் பெருநாள் கழிந்த திங்கட்கிழமை என்று சொன்னார். அதிலிருந்து ஆகஸ்ட் 12 வந்தது. இடையில் எங்காவது போனதுண்டா என்று கேட்டேன். ஒவ்வொரு ரமலானுக்கும் போவதுண்டு என்றார். தாராவியில் அவர்களுடைய பள்ளிவாசலில் முப்பது நாளும் நோன்புக் கஞ்சி காய்ச்சுவது அவர் பொறுப்பு. அரிசி, பருப்பு, கொஞ்சம் கறி, வெந்தயம் போட்டுக் காய்ச்சி, மாலையில் நோன்பு திறக்க வருகிறவர்களுக்கும் தூக்குச்சட்டியோடு வரும் வீடுகளுக்கும் ஊற்றுவது. அந்த மாதம் ஹோட்டலில் அவருக்குப் பதில் ஒரு பதலி நிற்பார். மில் காலத்திலிருந்து இந்த ஊரில் இருக்கும் சொல் அது. பதில் ஆள் என்று அர்த்தம். அவர் இல்லாத மாதம் முதலாளியின் வருகை நோட்டில் பதலியின் பெயர்தான் இருக்கும். பெருநாள் கழிந்து மூன்றாம் நாள் அவர் ஹோட்டலுக்குத் திரும்பியதும் பதலி கரண்டியை வைத்துவிட்டுப் போய்விடுவார். யாரும் யாரிடமும் எதுவும் கேட்பதில்லை.

வருகை நோட்டில் பெயர் இல்லை என்றால் எங்கள் பிரிவில் அது பணி முறிவு. முறிவைச் சிவப்பு மையில் எழுத வேண்டும், எழுதாமல் விட்டவருக்கு மெமோ வரும். முப்பத்தொரு ஆண்டு அப்படி எழுதிய கை. ஒவ்வொரு ரமலானையும் ஒரு விலகலாகவும், ஒவ்வொரு பெருநாளையும் ஒரு சேர்க்கையாகவும் எழுதினேன். ஊரடங்கில் கடை மூடிக் கிடந்த மாதங்களையும் விடவில்லை. படித்துக் காட்டியபோது அவர் மகிழ்ச்சியாகத்தான் இருந்தார்.

"இவ்ளோ இருக்காக்கா நம்மட்ட?" என்றார்.

ஜூன் 24, செவ்வாய்க்கிழமை ஐரோலிக்குக் கூப்பிட்டார்கள். சயானில் ஏறி, தானேயில் மாறிப் போனார்கள். மகள் வெளியே உட்கார்ந்திருந்தாள். உள்ளே ஆளெடுக்கும் அதிகாரி, இருபத்தேழு இருபத்தெட்டு வயதுப் பெண், தாளைப் பார்த்துவிட்டு இந்தியில் பேசினார். பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. சமைத்துக் காட்டச் சொல்லவில்லை. அடுப்பையே அவர் பார்க்கவில்லை.

அடுத்த ஞாயிறு வாசகசாலையில் அவரே சொன்னார்:

"'வருசா வருசம் விட்டுட்டு ஓடிருக்கீங்களே, எங்களயும் அப்படித்தானே விட்டுட்டு ஓடுவீங்க'ன்னு கேட்டுச்சுக்கா அந்தப் பொண்ணு. நான் எங்க ஓடுனேன், ஒரே கடைலதான் நிக்கேன்னு சொன்னேன். பேப்பர எடுத்துக் காட்டிச்சு. பேப்பர்ல இருக்கறத நான் எப்படி இல்லன்னு சொல்ல?"

அவர் குரலில் குற்றம் சொல்லும் தொனி இல்லை. மகள்தான் தாளை மடித்துக்கொண்டே பேசினாள். "எனக்கு அப்பவே டவுட் வந்துச்சு ஆன்ட்டி. ஆனா நீங்க ஆபீஸ்ல இருந்தவங்க, இப்படித்தான் எழுதுவாங்க போலன்னு விட்டுட்டேன்."

டீக்கடையிலும் விஷயம் தெரிந்துவிட்டது. அவர் போனால், "பதிமூணு கடை பாத்த பண்டாரி வாராரு, எந்திரிங்கலே, பெஞ்ச விடுங்க" என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் நிஜமாகவே எழுந்து நிற்கிறார்களாம். இதைச் சொல்லி அவர் சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது.

என் பிழை எங்கே என்று அன்று மாலை உட்கார்ந்து யோசித்தேன். தேதிகள் எல்லாம் சரி. அவர்கள் தொழிலில், பதலியை நிறுத்திவிட்டுப் போனவன் போனவன் இல்லை. அடுப்பு அவன் பெயரில்தான் இருக்கிறது. சொல்லாமல் போகிறவனும், ஆள் வைக்காமல் போகிறவனும்தான் விட்டுப் போனவர்கள். பன்னிரண்டு ஆண்டும் அவர் ஒரு நாள்கூட விலகவில்லை. இந்த விதி எந்த நோட்டிலும் இல்லை என்பதால் நான் கேட்கவில்லை. டீக்கடை பெஞ்சில் யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள்.

ஒரே வரியில் புதிய பயோடேட்டா எழுதுவது எளிது. ஆனால் பழைய தாள் அவர்களிடம் இருக்கிறது. இரண்டில் எது உண்மை என்று கேட்டால் ஹோட்டல் முதலாளியின் சான்று வேண்டும். ஜூன் 30, திங்கள், பகல் மூன்றரைக்கு நானும் அவருமாக முதலாளியைப் பார்க்கப் போனோம்.

முதலாளி அறுபதைத் தாண்டியவர், அதே பக்கத்து ஊர்க்காரர். கல்லாவுக்குப் பின்னால் இருந்தபடியே நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு என்னிடம் சொன்னார்:

"மேடம், நான் எழுதிக் குடுத்தா இவன் போயிருவான். எழுதிக் குடுக்கலைன்னா எங்கடைல நிப்பான். நான் எதுக்கு எழுதணும், நீங்களே சொல்லுங்க."

பண்டாரி சொன்னார்: "நின்னா இருமிக்கிட்டே நிப்பேன் மொதலாளி. சட்டிக்கு நல்லதா அது?"

"ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாரும்தான் வச்சிருக்கான் வே. என்கிட்ட நாலு கெடக்கு."

"ஒங்களுக்கு சக்கர வியாதி. எனக்கு மூச்சு."

முதலாளி கொஞ்ச நேரம் கல்லா மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. பிறகு ஒரு நிபந்தனை சொன்னார்.

"ரம்சானுக்கு வைப்பேல்லா ஆளு, அதே மாதிரி வை. ஆனா இது நிரந்தரமா. நீ உள்ள போகக் கூடாது. வெளிய பெஞ்சுல இரி. வெள்ளிக்கெழம ஜும்ஆ தொழுக முடிஞ்சு கூட்டம் வரும். மூணு மணி வரைக்கும் ஒருத்தன்கூட 'இன்னைக்கு பண்டாரி இல்லியா'ன்னு கேக்கக் கூடாது. கேக்கலைன்னா அன்னைக்கே கையெழுத்து."

இது அவர் புதிதாகக் கண்டுபிடித்த நிபந்தனை இல்லை என்று பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். நல்ல பெயரோடு விலகும் பண்டாரி, தன் இடத்தில் ஆளை நிறுத்திவிட்டுத்தான் போக வேண்டும். ஆள் பொருந்தியதா என்பதற்குச் சாட்சி சாப்பிட வருகிறவர்கள்தான். அவர்களிடம் முன்னால் சொல்லவும் கூடாது.

முதல் வெள்ளி ஜூலை 4. அவர் கொண்டுவந்த ஆள் கோவண்டிக்காரர். சோறு பதமாக வந்தது, ஆனால் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஒருவர் கைகழுவும் இடத்திலிருந்தே கேட்டாராம். அடுத்த வெள்ளி, 11ஆம் தேதி, வேறொருவர். இவரைப் பற்றி யாரும் கேட்கவில்லை. மூன்று மணிக்கு முதலாளி கைகொடுக்கப் போனபோது அந்த ஆள், ரமலானில் ஒரு மாதம் தனக்கும் கஞ்சி வேலை உண்டு, ஆள் வைத்துவிட்டுப் போவேன் என்று சொன்னார். முதலாளிக்கு அதை மறுக்க மனமில்லை, ஏற்கவும் தெம்பில்லை. "பழைய படத்தயே மறுபடியும் ஓட்டச் சொல்லுதியா?" என்று பண்டாரியைத்தான் திட்டினார். 18ஆம் தேதி மழை. கூட்டமே இல்லாததால் அந்த நாள் கணக்கில் சேராது என்று முதலாளி சொல்லிவிட்டார். இதெல்லாம் மகள் சொல்லி எழுதி வைத்தவை.

ஜூலை 25 அன்று நான் போயிருந்தேன். சான்றை இரண்டு நகலாகத் தட்டச்சு செய்து பையில் வைத்திருந்தேன். இந்த முறை ஆள் கல்யாண் ஊரிலிருந்து. கல்யாண வீடுகளுக்குச் சமைக்கிறவர், ஐம்பது வயது, ரொம்பப் பேசாதவர். காலை எட்டு மணிக்கு உள்ளே போனவர் வெளியே வரவில்லை. பண்டாரி தெருவைப் பார்த்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்க முயலும்போதெல்லாம் முதலாளி கல்லாவிலிருந்து பார்ப்பார்; அவர் உட்கார்ந்துவிடுவார். ஒரு முறை மட்டும், "தம்ம ஒடைக்க நேரமாச்சு" என்று யாரிடமும் சொல்லாத மாதிரி சொன்னார். அடுத்த நிமிடம் உள்ளே மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டது.

ஒன்றே முக்காலுக்குக் கூட்டம் வந்தது. எல்லாரும் சாப்பிட்டார்கள். சிலர் இரண்டாவது தட்டு வாங்கினார்கள். போகும்போது பெஞ்சில் அவரைப் பார்த்த இரண்டு பேர் சலாம் சொல்லிவிட்டுப் போனார்கள். இவர் வெளியே இருக்கிறாரே, உள்ளே யார் என்று அவர்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை. இரண்டரைக்கு ஒரு தோல்பட்டறை முதலாளி கல்லாவுக்குப் போய் ஏதோ கேட்டார். பண்டாரி நிமிர்ந்தார். பட்டறைக்காரர் கேட்டது பார்சலுக்கு வெங்காயப் பச்சடி வைத்தார்களா என்பது.

மூன்று மணி ஆனது. ஒருவரும் கேட்கவில்லை. பன்னிரண்டு ஆண்டு தினமும் தன் கையால் சாப்பிட்டவர்கள் ஒரு பகல் முழுக்க வித்தியாசம் தெரியாமல் சாப்பிட்டுப் போனதை அவர் எப்படி எடுத்துக்கொண்டார் என்று நான் கவனித்திருக்க வேண்டும். என் கண் சுவர்க் கடிகாரத்தில் இருந்தது. குறிப்பேட்டில் "3.00, கேட்டவர் இல்லை" என்று மட்டும் இருக்கிறது.

முதலாளி பேனாவை வாங்கி, நான் எழுதியிருந்ததைப் படித்தார். இவர் இன்ன தேதியிலிருந்து இன்றுவரை தொடர்ச்சியாக என் ஹோட்டலில் தலைமைப் பண்டாரி. ரமலான் மாதங்களில் பள்ளிவாசல் கஞ்சிக்குச் சென்றபோது தம் பொறுப்பில் பதில் ஆள் நிறுத்திச் சென்றார். ஊரடங்கில் கடை மூடியிருந்த நாட்கள் நீங்கலாக ஒரு நாளும் இவரால் அடுப்பு நிற்கவில்லை. 'ஊரடங்கு நீங்கலாக' எதற்கு, அது தெரியாதவன் உண்டா என்று கேட்டார். இருக்கட்டும் என்றேன். கையெழுத்துப் போட்டு, ரப்பர் ஸ்டாம்பைத் தேடி எடுத்து, மை காய்ந்திருந்ததால் எச்சில் தொட்டு அழுத்தினார்.

"'போயிட்டு வா'ன்னு நான் சொல்ல மாட்டேன் வே," என்றார் அவரிடம். "போ."

சான்று, ஒரு வரி பயோடேட்டா, ஒரு சிறு விளக்கக் கடிதம் மூன்றையும் மகள் அன்றே அனுப்பினாள். விளக்கக் கடிதத்தில், முதல் தாளில் பணி முறிவு என்று காட்டியது தட்டச்சு செய்தவரின் தவறு என்று எழுதினேன். அதிகாரியிடமிருந்து ஆறு நாள் பதில் இல்லை. ஏழாம் நாள் ஒரு வரி வந்தது: ஆகஸ்ட் 5, செவ்வாய், கை பார்க்க வரவும்.

ஐரோலி சமையலறையில் நான் இல்லை. அவர் சொன்னதைத்தான் தருகிறேன். பத்துக் கிலோ அரிசிக்கு அளவெல்லாம் கிராம் கணக்கில் எழுதிய தாளைக் கொடுத்தார்கள். தராசு இருந்தது. அவர் ஒவ்வொன்றையும் கையால் அள்ளித் தராசில் போட்டாராம். பெரும்பாலும் தாளில் உள்ளதற்குப் பக்கத்தில் வந்ததாம். உப்பு மட்டும் கூடுதலாக இருந்ததைக் குறைக்க மறுத்திருக்கிறார். முடித்ததும் அங்குள்ள தலைமை செஃப், ருசி பார்க்கவில்லையே என்று கேட்டார். கரண்டியில் எடுத்து ருசி பார்த்து, நேரம் போட்டுப் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும் என்பது அங்கே விதி. இவருக்கு அந்தப் பழக்கமே இல்லை. வருடத்தில் ஒரு மாதம் நோன்போடு நின்று சமைத்தவர். ஆவியின் வாசத்திலும் கொதிக்கும் சத்தத்திலும் உப்பைக் கண்டுபிடிப்பது மற்ற பதினொரு மாதமும் பழக்கமாகிவிட்டது. செஃப் ருசி பார்த்தார். பிறகு, ருசி சரி, பதிவேட்டில் கையெழுத்து இல்லாவிட்டால் வேலை இல்லை என்றார். இவர் ஒரு பருக்கையை வாயில் போட்டுக்கொண்டு கையெழுத்திட்டார்.

ஆகஸ்ட் 18, திங்கட்கிழமை வேலையில் சேர்ந்தார். முதல் நாள் திரும்பி வந்தவரின் சட்டையில் புகை வாசமே இல்லை என்று வீட்டில் முகர்ந்து பார்த்ததாக மகள் சொன்னாள். கல்யாண்காரர் தாராவி ஹோட்டலில் இன்னும் இருக்கிறார். இந்த ரமலானுக்கு ஐரோலியில் ஒரு மாத விடுப்புக் கிடையாது என்று தெரிந்ததும், பண்டாரி பள்ளிவாசல் கஞ்சிக்கு ஒரு பதலியை நிறுத்தினார். ஜமாஅத்தில் யாரும் அதை விலகலாக எழுதவில்லை. அவர் பெயரில்தான் கஞ்சி இருக்கிறது என்று சொன்னார்கள்.

இருமல் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது, மேம்பாலப் படியில் நிற்காமல் ஏறுகிறார் என்று மகள் மார்ச் கடைசியில் சொன்னாள். ஆறு மாதம் கழித்து மறுபடியும் குழாயில் ஊதி அளந்து பார்க்க வேண்டும் என்று மருத்துவர் சீட்டில் எழுதியிருந்தார். அந்தச் சோதனை இதுவரை எடுக்கப்படவில்லை. லீவு கிடைக்கவில்லை என்கிறார் அவர். வேலையில் சேரும்போது எடுத்த மருத்துவச் சான்று தொற்றுநோய்க்கு மட்டுமானது. நுரையீரலின் அளவு அதில் இல்லை. ஆகவே அவர் மூச்சு உண்மையிலேயே தேறியிருக்கிறதா என்பது, இதை எழுதும் நாள்வரை சரிபார்க்கப்படவில்லை.